கதவடி வாங்கு

இந்தப் பருவம் கீப்பராகக் கையெழுத்திட்டிருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று நம்மவர் விளையாட்டுக் கழகத்தில் கேட்டார்கள். தமிழில் எழுதட்டுமா என்றேன். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுதான் வசதி என்றார்கள். அப்படியானால் தமிழில்தான் எழுதவேண்டும். உங்கள் அம்மாமார் வாசித்துச் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் நீங்கள் கொஞ்சமாவது கேட்பீர்கள், நான் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவீர்கள்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், அதற்கு அதிக நேரம் எடுக்காது. நான் பத்துப் பன்னிரண்டு வருடம் தொழில்முறை ஐஸ் ஹொக்கி வீரனாக இருந்தேன். பெரிய லீக் அல்ல, அதற்குக் கீழே, அதற்கும் கொஞ்சம் கீழே. அத்தனை வருடத்தில் நான் உண்மையாக ஐஸில் நின்று விளையாடிய நேரத்தைக் கூட்டினால், மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு பஸ்ஸில் போய்வருகிற நேரம்கூட வராது என்று என் மச்சான் சொல்வான். அது பொய். போகிற நேரம் வரும். திரும்பி வருகிற நேரம்தான் வராது.

காரணம், நான் இரண்டாம் கீப்பர். உங்களில் அனேகமானோரும் அப்படித்தான் தொடங்கப்போகிறீர்கள் என்பதால் அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். ஓர் அணிக்கு இரண்டு கீப்பர்கள். முதலாமவர் கோலுக்கு முன்னால் நிற்பார். இரண்டாமவர் காலிலிருந்து தலைவரை அதே கவசங்களை மாட்டிக்கொண்டு வீரர்கள் இருக்கிற நீள வாங்கின் நுனியில், கதவடியில் குந்தியிருப்பார். விளையாடுகிறவர்கள் ஒரு நிமிடத்துக்குள் களைத்துவிடுவார்கள். புதியவர்கள் ஐஸைச் சுற்றியிருக்கும் பலகைக்கு மேலால் பாய்ந்து உள்ளே போக, களைத்தவர்கள் கதவால் வருவார்கள். அந்தக் கதவைத் திறப்பதும் சாத்துவதும் இரண்டாம் கீப்பரின் வேலை. முதலாமவருக்கு அடிபட்டாலோ ஆட்டம் சரியில்லாமல் போனாலோ அவர் உள்ளே போவார். மற்றபடி கதவுதான்.

எங்கள் வீட்டில் இதை விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் சிறுவனாக நான் கீப்பராக நின்றபோது அம்மாவுக்கு நல்ல சந்தோஷம். ஓடாமல் ஓரிடத்தில் நிற்கிற வேலை, ஆபத்தில்லை என்று நினைத்திருந்தார். துறைமுகத்தில் கொன்ரெய்னர் இறக்குகிற இடத்தில் வேலை செய்த அப்பா, ஒரு சனிக்கிழமை வந்து நின்று பார்த்தார். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை எல்லோரும் என்னை நோக்கியே அடிப்பதைக் கண்டு, வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டார்.

“ஏன் தம்பி எல்லாரும் உனக்கே அடிக்கினம்? நீ அவங்களுக்கு என்ன செய்தனி?”

பிறகு நான் சம்பளத்துக்கு விளையாடத் தொடங்கியதும், கோவிலில் யாராவது “மகன் இண்டைக்கு விளையாடுறாரோ?” என்று கேட்டால் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்: “கதவு முழுக்க அவன்ரை பொறுப்பு.” அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. துறைமுகத்தில் கதவுக்குப் பொறுப்பானவர் பெரிய ஆள்.

அந்தப் பொறுப்பை நான் எப்படித் தொடங்கினேன் என்று கேளுங்கள். என் முதல் அணியில், முதல் மாதம். எங்கள் ஆள் ஒருவர் வட்டைக் கொண்டு எதிர்க்கோலை நோக்கிப் பறக்கிறார், நான் ரசிகனாகிவிட்டேன். வாய் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு, யாரோ கதவடிக்கு வருவது கண்ணோரத்தில் தெரிய, கதவை விரியத் திறந்தேன். வந்தவர் எதிரணிக்காரர். எங்கள் ஆளோடு உரசிக்கொண்டு பலகையில் சாய வந்தவர், சாய்வதற்குப் பலகை இல்லாததால் என் மடியில் வந்து விழுந்தார். இரண்டு பக்கத்து ரசிகர்களும் ஒன்றாகச் சிரித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். ஆட்டம் முடிந்து நான் கவசங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் சாமான்களுக்குப் பொறுப்பானவர், அதிகம் பேசாத மனிதர், வியர்வைத் துவாய் பொறுக்கியபடி சொன்னார்: “வட்டைப் பார்க்கச் சனம் காசு கொடுத்து வந்திருக்கிறது. நீ வருகிறவனின் முகத்தைப் பார்.”

அதற்குப் பிறகு நான் முகம்தான் பார்த்தேன். யார் களைத்துவிட்டார், யார் நடிக்கிறார், யாருக்கு வலிக்கிறது, யார் வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறார், எல்லாம் கதவடியில் தெரியும். வட்டு எங்கே என்று கேட்டால்தான் எனக்குத் தெரியாது. கீப்பருக்கு அது அவ்வளவு நல்ல குணமல்ல என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

இனி லவால்காரர். என் கடைசி அணியில் முதல் கீப்பர். லவாலில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் வீட்டில் நாங்கள் வைத்த பெயர் அது. திறமைசாலி. ஆனால் சாத்திரம் பார்ப்பதில் என் அம்மாவையே தோற்கடிப்பார். இடது சப்பாத்தைத்தான் முதலில் போடுவார். ஐஸில் கீறியிருக்கும் கோடுகளை மிதிக்கமாட்டார். ஆட்டம் உள்ள நாளில் எழும்பியதிலிருந்து ஆட்டம் முடியும்வரை ஒருவரோடும் பேசமாட்டார். கோச் கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஆட்டம் நிற்கும்போது தண்ணீர் குடிக்கக் கதவடிக்கு வருவார், ஸ்டிக்கால் என் கால்கவசத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார், போய்விடுவார். இரண்டு பருவம் பக்கத்தில் இருந்தோம். ஆட்ட நாளில் அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு சொல் வந்ததில்லை.

மற்றப் பையன்கள் அவரைப் பைத்தியம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிக்கிடுகிறவரிடம் “எங்கை போறியள்?” என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும், “தூரமோ?” என்றுதான் கேட்கவேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். “போறன்” என்று வாய்தவறிச் சொன்னால், அம்மா என்னைத் திரும்பக் கூப்பிட்டு “போட்டு வாறன்” என்று சொல்லவைத்துத்தான் படியிறங்க விடுவார். பயிற்சிக்குப் பிந்திப் போனதற்கு இதைக் காரணமாக எந்தக் கோச்சிடம் சொல்வது? ஆகவே லவால்காரரோடு இருப்பது எனக்கு வீட்டில் இருப்பது மாதிரித்தான் இருந்தது. இப்படிப்பட்டவர்கள் தங்கள் வழக்கத்தைத் தாங்களாக விடமாட்டார்கள் என்பதும் நான் வீட்டில் படித்த பாடம்தான்.

பருவத்தின் கடைசி ஆட்டம் மொன்றியலில் வந்தது. வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீட்டுக்கு. லவால்காரரைப் பார்ப்பதற்கென்றே பெரிய லீக்கிலிருந்து ஆட்கள் வந்து மேலே இருந்தார்கள். அன்றைய ஆட்டம் நன்றாக அமைந்தால் அவர் அந்த லீக்குக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். என் கதையோ வேறு. என் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. இளம் ஆளாகத் தேடுகிறார்கள் என்று கோச் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஏதாவதொரு ஆட்டத்தில் உள்ளே போய் எதையாவது காட்டினால்தான் எனக்கு இன்னொரு வருடம், ஆனால் என்னை உள்ளே விட யாருக்கும் மனமில்லை. ஆட்டம் வீட்டுக்குக் கிட்ட என்பதால் அப்பா, அம்மா, மாமா குடும்பம், கோவில் ஆட்கள் என்று ஒரு வரிசை நிறைய வந்திருந்தார்கள். அம்மா பாதுகாப்பு ஊழியரைக் கெஞ்சி எல்லோருக்கும் சாப்பிடப் பொரித்த ரோல்ஸ் பெட்டியையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார். நான் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வரிசை கைதட்டியது.

இரண்டாம் பகுதியில், எதிரணிக்காரர் ஒருவர் வழுக்கிக்கொண்டு வந்து கோலுக்குள் விழுந்தார். அவருடைய முழங்கால் லவால்காரரின் முகமூடியில் இடித்தது. எங்கள் அணியில் காயம் பார்க்கிற தெரபிஸ்ற் ஐஸில் ஓடினாள். கெட்டிக்காரப் பெண், யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாள். அவர் வாய் திறக்காமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டியும் விரலால் காட்டியும் சரியாகப் பதில் சொல்லி எழுந்து நின்றார். அவளுக்கு முழுத் திருப்தியில்லை என்பது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்ததில் தெரிந்தது. ஆனால் பிழையாக ஒன்றும் அகப்படவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

சற்று நேரத்தில் விசில் ஊதியது. லவால்காரர் தண்ணீர் குடிக்க வந்தார். கால்கவசத்தில் தட்டவில்லை. முகமூடியை மேலே தூக்கிவிட்டு, என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்து, பிரெஞ்சில் சுகம் விசாரித்தார்.

“சா வா? உன் அம்மா எப்படி, சுகமாக இருக்கிறாரா?”

நான் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பையன், “பார், இன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறார்” என்று சிரித்தான். லவால்காரர் என் தோளில் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். போகும்போது நீலக் கோட்டை மிதித்துக்கொண்டு போனார்.

தெரபிஸ்ற் வாங்கின் மறுநுனியில் ஒருவரின் கிழிந்த உதட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எனக்குப் பின்னால் கோச் நின்றார். ஆட்டம் திரும்பவும் தொடங்கிவிட்டது. நான் எழுந்து அவரிடம் சொன்னேன்.

“கீப்பரை வெளியே எடுக்கவேண்டும். அவருக்குத் தலை சரியில்லை.”

“அவள் பார்த்துவிட்டாள். என்ன கண்டாய்?”

“என்னோடு கதைத்தார்.”

“என்ன கதைத்தார்?”

“அம்மா சுகமா என்று கேட்டார்.”

கோச் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேலே, எங்கள் வரிசையைப் பார்த்தார். மாமா அப்போதுதான் எழுந்து இரண்டு கையாலும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

“உன் ஆட்கள் வந்திருக்கிறார்கள், எனக்கும் தெரிகிறது,” என்றார் கோச். “போய் இரு.”

பிள்ளைகளே, அந்த நேரம் எனக்கு வந்த வெட்கத்தை என்னால் எழுத முடியாது. கதவடியில் வந்து குந்தினேன். கோச் சொன்னது பிழை என்று சத்தியம் பண்ணவும் என்னால் முடியவில்லை. எனக்கு உள்ளே போக ஆசை இருந்தது. வருடக்கணக்காக இருந்தது. அந்த ஆசைதான் இதைக் கண்டுபிடித்ததோ? மனிதன் மரியாதைக்கு அம்மாவை விசாரித்ததை நான் வியாதியாக்குகிறேனோ? நான் பிழை என்றால், அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஓர் ஆட்டத்தை அவருடைய மடியிலிருந்து பறித்தவன் ஆவேன். நான் சரி என்றால், அடுத்த வட்டு அவருடைய முகமூடியில் படப்போகிறது.

நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே புத்தி இதுதான். செய்யவேண்டியதும் உங்களுக்கு வேண்டியதும் ஒரே பக்கத்தில் நிற்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்களை ஒருவரும் நம்பமாட்டார்கள், நீங்களும் உங்களை நம்பமாட்டீர்கள். மனம் சுத்தமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்னுடையது இன்னும் சுத்தமாகவில்லை.

அடுத்த விசில் ஊதியது. லவால்காரர் திரும்பவும் வந்தார், அதே சிரிப்போடு. என்னிடம் இருந்த அதிகாரமெல்லாம் ஒரு கதவுதான். அதை விரியத் திறந்தேன். கீப்பர் தண்ணீர் குடிக்கக் கதவு தேவையில்லை, பலகைக்கு மேலால் போத்தலை எடுப்பார். தலை சரியாக உள்ள கீப்பர் என்ன செய்வார்? ஏன் கதவைத் திறக்கிறாய் என்று என்னை முறைப்பார். இவர் “மெர்சி” என்று நன்றி சொல்லி உள்ளே வந்து, நான் எழுந்துவிட்ட இடத்தில் அமர்ந்து, முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் கதவைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு இறுக்கமாக ஒரு கதவைச் சாத்தியதில்லை.

மத்தியஸ்தர் வந்து உங்கள் கீப்பர் எங்கே என்று கேட்டார். தெரபிஸ்ற் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் முழந்தாளிட்டாள். நாம் இப்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டாள். போன கிழமை நாங்கள் விளையாடிய ஊரின் பெயரை அவர் தெளிவாகச் சொன்னார். அவள் கோச்சைப் பார்த்து, இனி இவர் போகமாட்டார் என்று கையைக் காட்டினாள். கோச் என் பக்கம் திரும்பினார். விரலால் ஐஸைக் காட்டினார்.

இந்த இடத்தில் நான் உள்ளே போய் அற்புதமாக விளையாடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். எங்கள் வரிசை எழுந்து நின்று கத்தியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். முதல் அடி தூரத்திலிருந்து வந்தது. அது வந்த வேகத்துக்கு, வழியில் நின்று இரண்டு பேரிடம் விலாசம் விசாரித்துவிட்டு வந்திருக்கலாம். நான் வட்டைப் பார்க்கவில்லை, அடித்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம். வட்டு என் இரண்டு காலுக்கும் நடுவால் போய் வலையில் படுத்தது. பிறகு இன்னொன்று போனது. எங்கள் பையன்கள் உயிரைக் கொடுத்து விளையாடிச் சமன் செய்தார்கள். கடைசிப் பகுதியில் மூன்றாவதும் போனது. தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கிழிந்த உதட்டுக்காரர் மட்டும் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு கேட்டார்: “உனக்கு வேண்டியது கிடைத்ததா?” நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன்.

காரில் மாமா பின் ஆசனத்தில் இருந்து மூன்று கோலையும் ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் ஹொக்கி பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கடைசியில், காரை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சொன்னார்.

“அதெல்லாம் இருக்கட்டும். அந்த மனுசன் வந்த நேரம் கதவு திறந்துதுதானே. அதை நான் பாத்தனான்.”

மாமா வாயை மூடினார். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

எனக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. கோச் தானே போன் எடுத்துச் சொன்னார், அந்த மரியாதை இருந்தது. தெரபிஸ்ற் எல்லாம் சொன்னாள், அன்றைக்கு நீ செய்தது சரி, ஆனால் கதவுக்கு மட்டும் ஓர் ஆளை வைத்திருக்க முடியாதே என்றார். அதில் மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது மாலைகளில் பிள்ளைகளுக்குக் கீப்பிங் பழக்குகிறேன். கதவும் பழக்குகிறேன், அதைக் கேட்டு யாரும் வருவதில்லை.

கோடையில் லவால்காரர் என்னை வரச்சொல்லி அனுப்பினார். மனைவி கதவைத் திறந்தார். வீட்டில் திரைச்சீலைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன, அவர் கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் சாய்ந்திருந்தார். வெளிச்சம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய ஆட்டத்தில் அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

“பெரிய லீக்கிலிருந்து இப்போது ஒருவரும் கூப்பிடுவதில்லை,” என்றார். “நீ இடத்தைப் பிடிக்க என்னை இழுத்து உள்ளே போட்டாய் என்று பையன்கள் சொல்கிறார்கள். தெரபிஸ்ற் வேறு மாதிரிச் சொல்கிறாள். நீ சொல். நான் என்ன செய்தேன்?”

“என்னோடு கதைத்தாய். என் அம்மாவின் சுகம் விசாரித்தாய்.”

“ஆட்ட நாளிலா?”

“ஆட்டத்துக்கு நடுவில்.”

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்புத் தலையில் குத்த, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “அப்படியென்றால் எனக்குத் தலை உண்மையாகவே பிழைத்துத்தான் போயிருக்கிறது,” என்றார். நான் வெளிக்கிடும்போது அவருடைய மனைவி வாசல்வரை வந்தார். அன்றைக்கு இன்னொரு அடி விழுந்திருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டாராம். சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

அவர் ஒரு வருடத்துக்கு மேல் விளையாடவில்லை. திரும்பி வருகிற ஆட்டத்துக்கு நான் டிக்கெட் எடுத்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் இடம் வாங்குக்கு ஒட்டிய கண்ணாடியோரம், கதவடிக்குப் பின்னால். அங்கே ஓர் இளம் கீப்பர் விறைத்துப்போய்க் குந்தியிருந்தான். வட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மடையன்.

விசில் ஊதியது. லவால்காரர் தண்ணீர் குடிக்க வந்தார். கோடுகளைத் தாண்டித் தாண்டி வந்தார். முகமூடியைத் தூக்கியபோது என்னை நேரே கண்டார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சிரிக்கவில்லை. தலைகூட அசைக்கவில்லை. பையனின் கால்கவசத்தில் ஸ்டிக்கால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்பாவுக்குச் சரியான கோபம்.

“உவனுக்காண்டி நீ வேலையும் விட்டாய்,” என்றார். “மரியாதைக்கு ஒரு சொல்லுக்கூடக் கதைக்கேல்லையே.”

லவால்காரர் கோட்டைத் தாண்டிப் போவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஓம் அப்பா,” என்றேன். “முழுசாச் சுகம் வந்திட்டுது.”